20 கி.மீ. உருண்டை ஒரு ராட்சத நட்சத்திரத்தைக் கிழித்துவிடுமா? (விவாதம்)

11 ஜனவரி 2025, அரூர் மாணவர் ஒருவர் கேட்டது

நியூட்ரான் நட்சத்திரம் (வெடித்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம், 20 கி.மீ. அகலத்தில் இறுகிக் கிடக்கும் உருண்டை) பக்கத்தில் இருக்கிற பெரிய நட்சத்திரத்தை ஈர்ப்பால் கிழித்து இழுத்துக்கொள்ளும், அதற்கு முன்னால் எதுவும் நிற்காது, கொஞ்ச வருடத்தில் பெரியது காலி என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியென்றால் ஒரு நியூட்ரான் நட்சத்திரமும் ஒரு பெரிய நட்சத்திரமும் சேர்ந்து சுற்றும் வேலா எக்ஸ்-1 ஜோடி எப்படி இன்னும் இருக்கிறது? அதில் பெரிய நட்சத்திரம் நன்றாகவே இருக்கிறதாமே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஜனவரி 2025

கிழிக்காது தம்பி. தூரத்தில் இருப்பதை இழுக்கும்போது ஈர்ப்பு எடையை மட்டும்தான் பார்க்கும், அடர்த்தியைப் பார்க்காது. 20 கி.மீ. உருண்டைக்குள் என்னதான் அடைந்து கிடந்தாலும் நியூட்ரான் நட்சத்திரத்தின் எடை சூரியனைப் போல ஒன்றரை மடங்கு, மிஞ்சிப்போனால் இரண்டு மடங்கு. வேலா எக்ஸ்-1 ஜோடியில் பெரியதற்கு எச்.டி. 77581 என்று பெயர். எடை சூரியனைப் போல சுமார் 24 மடங்கு, ஆரம் சுமார் 30 மடங்கு. மையத்துக்கு மையம் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3.7 கோடி கி.மீ. அந்தத் தூரத்தில் அதே எடையுள்ள ஒரு சாதாரண நட்சத்திரத்தை வைத்தாலும் இழுப்பு அதேதான். நியூட்ரான் நட்சத்திரத்தின் பயங்கரமெல்லாம் கிட்டே போய் மாட்டியவனுக்கு.

நடப்பது என்னவென்றால், அந்தப் பெரிய நட்சத்திரம் தானாகவே தன் வாயுவை எல்லாத் திசையிலும் ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. சூரியனும் ஊதுகிறது, இது அதைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு. வருடத்துக்குச் சூரிய எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்கிற அளவில் வெளியே போகிறது; பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, வருடா வருடம். அந்தக் காற்றுக்குள்ளேதான் நியூட்ரான் நட்சத்திரம் 8.96 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. வழியில் அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறது, அகப்படாதது அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அகப்படுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைக் காற்றின் வேகம்தான் முடிவு செய்கிறது, இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. எண்களோடு நாளைக்கு எழுதுகிறேன், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

13 ஜனவரி 2025

நைட் ஷிஃப்ட் முடிந்து ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து டைப் செய்கிறேன்.

காற்றில் வரும் கொஞ்சம் வாயுவை நினைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரான் நட்சத்திரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, வேகமாகப் போனால் அதன் பாதை லேசாக வளையும், அவ்வளவுதான். கிட்டே, மெதுவாகப் போனால் நட்சத்திரத்தின் பின்பக்கமாக வளைந்து வந்து, மறுபக்கத்திலிருந்து அதேபோல வளைந்து வருகிற வாயுவோடு மோதும். மோதியதில் இரண்டுக்கும் பக்கவாட்டு வேகம் அடிபட்டுப் போகும். மிச்சமிருக்கிற வேகம் தப்பிக்கப் போதாது, திரும்பி நட்சத்திரத்தின் மேலேயே விழ வேண்டியதுதான்.

எந்தத் தூரம் வரைக்கும் பிடிபடும் என்பதற்குச் சூத்திரம் உண்டு. பிளஸ் ஒன்னில் படித்த விடுபடு வேகச் சூத்திரம்தான், வேகத்தைக் கொடுத்து ஆரத்தைக் கேட்கிறோம்: 2 பெருக்கல் ஜி (ஈர்ப்பு மாறிலி) பெருக்கல் எடை, வகுத்தல் வேகத்தின் வர்க்கம். 1.4 சூரிய எடையும் விநாடிக்கு 1000 கி.மீ. வேகமும் போட்டால் 3.7 லட்சம் கி.மீ. வருகிறது. கிட்டத்தட்ட இங்கிருந்து நிலா! 10 கி.மீ. ஆரமுள்ள உருண்டை நிலா தூரம் வரை கை நீட்டுகிறது.

ஆனால் சுற்றுப்பாதையின் ஆரம் 3.7 கோடி கி.மீ., அதாவது இதைப் போல நூறு மடங்கு. பெரிய நட்சத்திரம் எல்லாத் திசையிலும் ஊதுவதில் அந்த நிலா தூர வட்டத்துக்குள் வருவது 40,000-ல் ஒரு பங்கு. இதுவா கிழிப்பது?

இந்தக் கணக்கு பழையது. 1939-ல் ஹாயிலும் லிட்டில்டனும் போட்டது, 1944-ல் பாண்டியும் ஹாயிலும் திருத்தி எழுதியது. சூரியன் ஒரு விண்வெளி மேகத்துக்குள் புகுந்தால் பூமியின் தட்பவெப்பம் மாறுமா என்று பார்க்கத்தான் முதலில் போட்டார்கள். அன்றைக்கு நியூட்ரான் நட்சத்திரத்தை யாரும் பார்த்ததே கிடையாது.

15 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கல் லீவு. மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்து முடித்த கையோடு உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். யாராவது சரிபார்த்தால் நல்லது.

பெரிய நட்சத்திரம் ஊதுவது விநாடிக்குச் சுமார் 63 லட்சம் கோடி டன். அதில் 40,000-ல் ஒரு பங்கு என்றால் சுமார் 160 கோடி டன். மேலே விழும் ஒவ்வொரு கிலோவும் தன் நிலை ஆற்றலை எல்லாம் வெப்பமாக, வெளிச்சமாகக் கொட்ட வேண்டும். பெருக்கினால் 75 சூரியன் சேர்ந்து எரிகிற வெளிச்சம் வருகிறது, எக்ஸ் கதிராக.

சரி, உண்மையில் வேலா எக்ஸ்-1 எவ்வளவு எரிகிறது? சுமார் 1000 சூரியன்.

பத்து மடங்குக்கு மேல் உதைக்கிறது. ரொம்ப நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெருக்கலில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. கடைசியில் கை வைத்தது வேகத்தில். 1000 என்று நான் போட்டது, இந்த மாதிரி நட்சத்திரங்களின் காற்று வெகுதூரம் போன பிறகு எட்டும் வேகம். அதைப் பாதியாக்கி 500 போட்டால் பிடிபடும் ஆரம் நான்கு மடங்கு ஆகிறது, பரப்பு பதினாறு மடங்கு. 75-ஐப் பதினாறால் பெருக்கினால் 1200 சூரியன். வானத்தில் இருப்பதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அன்று மாலை

மேலே எழுதியதை விட்டுவிட மனசில்லை. பாருங்கள், நியூட்ரான் நட்சத்திரத்தின் எடையைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பதினாறு மடங்காகிறது. காற்று கொஞ்சம் சோம்பினால் போதும், எக்ஸ் கதிர் எகிறிவிடும். கொஞ்சம் வேகம் எடுத்தால் அணைகிற மாதிரி ஆகிவிடும். இந்த ஜோடிகள் ஏன் நிலையாக எரியாமல் துள்ளிக்கொண்டே இருக்கின்றன என்பதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

19 ஜனவரி 2025

“500 என்பது விடைக்கு ஏற்ற மாதிரி நீங்களே எடுத்துக்கொண்டது இல்லையா?” என்று காவேரிப்பட்டணத்து ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி சார்.

முதலில் சுற்றுப்பாதை வேகம். 3.7 கோடி கி.மீ. ஆரத்தில் 8.96 நாளுக்கு ஒரு சுற்று என்றால் விநாடிக்கு 300 கி.மீ. காற்று வெளிப்பக்கமாக 400 கி.மீ. வேகத்தில் வந்தால், நியூட்ரான் நட்சத்திரம் குறுக்கே 300-ல் ஓடுவதால், அது உணரும் வேகம் பிதாகரஸ் கணக்குப்படி சரியாக 500. அப்படியானால் காற்று அந்த இடத்தில் 400 அல்லது அதற்கும் கீழே இருக்குமா என்பதுதான் கேள்வி.

இருக்கும். இந்தக் காற்றை ஓட்டுவது வெப்பம் அல்ல, வெளிச்சம். எச்.டி. 77581-ன் மேற்பரப்பு சுமார் 25,000 டிகிரி, புற ஊதாக் கதிர் கொட்டுகிறது. வாயுவில் உள்ள இரும்பு, கார்பன், நைட்ரஜன் அயனிகள் தங்களுக்கு ஏற்ற அலைநீளத்தை மட்டும் விழுங்கி, விழுங்கும்போதெல்லாம் வெளிப்பக்கம் ஒரு சிறு தள்ளு வாங்குகின்றன. கூடவே இருக்கும் ஹைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு போகின்றன. இப்படிச் சிறுகச் சிறுகத்தான் வேகம் ஏறும், அதற்குத் தூரம் வேண்டும். நியூட்ரான் நட்சத்திரமோ மேற்பரப்பிலிருந்து 1.6 கோடி கி.மீ.-ல், நட்சத்திரத்தின் சொந்த ஆரத்தைவிடக் குறைந்த உயரத்தில், வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெகுதூரத்தில்கூட இந்தக் காற்று எட்டும் வேகம் 700-ஐ ஒட்டித்தான் என்று சமீபத்திய நிறமாலை ஆய்வுகள் சொல்கின்றன.

இன்னொன்றும் உண்டு. எக்ஸ் கதிர் பட்டதும் அந்த அயனிகள் மிச்சமிருக்கும் எலெக்ட்ரான்களையும் இழந்துவிடும். அப்புறம் புற ஊதாவை விழுங்க அவற்றால் முடியாது, தள்ளு நின்றுபோகும், காற்று மந்தமாகும். மந்தமானால் இன்னும் அதிகம் பிடிபடும். தன் மேல் விழும் வாயுவை நியூட்ரான் நட்சத்திரம் தன் வெளிச்சத்தாலேயே கூட்டிக்கொள்கிறது. ஈர்ப்பைவிட இது எவ்வளவு சாமர்த்தியமான வழி என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

22 ஜனவரி 2025

ஓசூர் அண்ணன் ஒருவர் சென்டாரஸ் எக்ஸ்-3-ஐ விட்டுவிட்டீர்களே என்கிறார். விடவில்லை அண்ணா, அது வேறு வழி.

அதில் ஜோடி இன்னும் நெருக்கம், 2.09 நாளுக்கு ஒரு சுற்று. இரண்டு நட்சத்திரங்களின் ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்து ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு எல்லை வகுக்கின்றன, ரோஷ் மடல் என்பார்கள். பெரிய நட்சத்திரம் உப்பி அந்த எல்லையை நிரப்பிவிட்டால், கே.ஆர்.பி. அணை நிரம்பினால் தண்ணீர் கரை முழுக்க வழியாமல் மதகு இருக்கிற இடத்தில் மட்டும் வெளியேறுவதைப் போல, இரண்டுக்கும் நடுவில் ஈர்ப்பு சமனாகிற ஒரே ஒரு புள்ளி வழியாக வாயு மறுபக்கம் இறங்கும். இறங்குவது நேராக விழாது. சுற்றுவேகத்தையும் கொண்டுவருவதால் நியூட்ரான் நட்சத்திரத்தைச் சுற்றி வட்டாகப் பரவி, உராய்ந்து உராய்ந்து உள்ளே நகரும்.

இந்த ஜோடிக்கு வரலாற்றிலும் பெரிய இடம் உண்டு. 1970 டிசம்பர் 12, கென்யா விடுதலை நாளில், கென்யக் கடலோரத்து மேடையிலிருந்து உஹுரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அனுப்பிய முதல் செயற்கைக்கோள். சென்டாரஸ் எக்ஸ்-3 4.84 விநாடிக்கு ஒரு தரம் துடிப்பதை 1971-ல் அதுதான் பிடித்தது. துடிப்பு 2.09 நாளுக்கு ஒரு தரம் சீராக முந்துவதும் பிந்துவதும், நடுவில் கிரகணம் பிடித்து மறைவதும் தெரிந்ததும் விஷயம் முடிந்தது: துடிப்பது ஒரு சிறிய பொருள், அது ஒரு பெரிய நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. அந்தக் குழுவை நடத்திய ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் கிடைத்தது.

அரூர் தம்பிக்கு: வீடியோவில் சொன்னதற்குக் கொஞ்சமாவது கிட்டே வருவது இந்த வகைதான். எடை அதிகமுள்ளது எடை குறைந்ததற்குப் பொருளைக் கொடுத்தால் சுற்றுப்பாதை சுருங்கும், மடலும் சுருங்கும், அதனால் இன்னும் அதிகம் வழியும். இது முழு வேகத்தில் ஆரம்பித்துவிட்டால் ரொம்ப காலம் தாங்காது. ஆனால் அங்கேயும் மதகைத் திறப்பது பெரியதுதான், உப்பி எல்லைக்கு வருகிறதே, அது.

29 ஜனவரி 2025, தை அமாவாசை

மாமனார் ஊரில், பாப்பாரப்பட்டி பக்கம், மரவள்ளிக் காட்டு வரப்பில் நின்று எழுதுகிறேன். ஏழரை மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட தலைக்கு மேல், அதற்குக் கிழக்கே ரோகிணி, ரோகிணிக்கு வடக்கே இந்த வருடம் வியாழன். கார்த்திகையிலிருந்து வடக்கே எட்டு டிகிரி போனால் பெர்சியஸ் கூட்டத்து ஸீட்டா, அதை ஒட்டி ஒரு டிகிரிக்குள் எக்ஸ் பெர்செய். வெறும் கண்ணுக்குச் சிரமம், சாதாரண 10×50 பைனாகுலரில் தெளிவாகத் தெரிகிறது. அந்த வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நியூட்ரான் நட்சத்திரம் 250 நாளுக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, சுமார் 14 நிமிடத்துக்கு ஒரு தரம் எக்ஸ் கதிரில் துடித்துக்கொண்டிருக்கிறது. நம் தோட்டத்தில் நின்று இதன் துணையைப் பார்க்க முடிகிறதே என்பதே எனக்குப் போதும்.

இது மூன்றாவது வழி. எக்ஸ் பெர்செய் பீ-ஈ வகை. இவை வெகு வேகமாகச் சுழல்கிற நட்சத்திரங்கள், நடுப்பகுதியிலிருந்து வாயு கழன்று சுற்றிலும் ஒரு தட்டாக நிற்கும். இந்தத் தட்டு வெளிப்பக்கம் பாய்கிற காற்றல்ல, சுற்றிக்கொண்டு மெல்ல மெல்லத்தான் நகரும், அதனால் இங்கே வேகத்தால் வரும் இழப்பு குறைவு. நீள்வட்டப் பாதையில் வரும் நியூட்ரான் நட்சத்திரம் தட்டுக்குக் கிட்டே வரும்போது அள்ளிக்கொள்ளும், விலகினால் அடங்கிவிடும். ஏ 0535+26 என்ற ஜோடி 111 நாளுக்கு ஒரு சுற்று. பல வருடம் சாதுவாக இருந்துவிட்டு 2020 கடைசியில் வானத்திலேயே மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர்ப் பொருள்களில் ஒன்றாக எரிந்தது.

தட்டு இருக்கிறதா கலைந்துவிட்டதா என்பது நிறமாலையில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டில் தெரியும். இந்த வகை நட்சத்திரங்களின் நிறமாலை நமக்குப் பக்கத்திலேயே, ஜவ்வாது மலை காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்திலும் எடுக்கப்பட்டிருக்கிறது. திருப்பத்தூர் வழியாகப் போகிறவர்கள் ஒரு தரம் அந்த மலைக்கு ஏறிவிட்டு வாருங்கள்.

4 பிப்ரவரி 2025

ஏழாவது படிக்கும் என் மகள் கேட்டாள்: “இத்தனை சாப்பிட்டா அது குண்டாகாதாப்பா?” அவளுக்காகக் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 2,500 கோடி டன் (முன்பு வந்த 160 கோடியின் பதினாறு மடங்கு) என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் வருடத்தில் சேர்வது சூரிய எடையில் 25,000-ல் ஒரு பங்கு. இடுப்பில் ஒரு சுற்றுகூட ஏறாது. இந்த மாதிரி ஜோடிகளில் பெரிய நட்சத்திரத்துக்கு மிச்சமிருக்கும் ஆயுளே கொஞ்சம்தான், அதனால் நியூட்ரான் நட்சத்திரம் தின்று தின்று கருந்துளையாகிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

7 பிப்ரவரி 2025

விழுந்த வாயு ஏன் அவ்வளவு எரிகிறது, அணுக்கரு இணைவா என்று தர்மபுரியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். இணைவு இல்லைம்மா, வெறும் விழுகைதான். ஹைட்ரஜனை ஹீலியமாக இணைத்தால் எடையில் 0.7 சதவீதம் ஆற்றலாகும். நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல் விழுந்தால் 20 சதவீதத்தை ஒட்டி. தரையைத் தொடும்போது ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். மூன்றரை கிராம் வாயு விழுந்தால் ஹிரோஷிமா குண்டு அளவு ஆற்றல்.

ஆனால் எல்லா இடத்திலும் விழாது. இந்த நட்சத்திரங்களின் காந்தப்புலம் லட்சம் கோடி காஸ், பூமியுடையது அரை காஸ். சில ஆயிரம் கி.மீ. உயரத்திலேயே காந்தப்புலம் வாயுவைத் தன் வசம் எடுத்துக்கொண்டு இரண்டு துருவத்துக்கும் தள்ளிவிடும். விழும் இடம் ஒரு கி.மீ. அளவு உள்ள திட்டு, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே கடந்துவிடும் தூரம். அந்தத் திட்டில்தான் ஆயிரம் சூரியன் வெளிச்சம். நட்சத்திரம் சுழலச் சுழலத் திட்டு நம் பக்கம் வந்து போவதுதான் துடிப்பு.

காந்தப்புலத்தை எப்படி அளந்தார்கள் என்றால், அதில் சிக்கிய எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றலுள்ள எக்ஸ் கதிரைச் சிதறடிக்கும், நிறமாலையில் அங்கே ஒரு பள்ளம் விழும். 1976-ல் பலூனில் கருவியை ஏற்றி அனுப்பி ஹெர்குலஸ் எக்ஸ்-1-ல் ட்ரூம்பர் குழு முதலில் கண்டது. வேலா எக்ஸ்-1-லும் பிறகு கண்டார்கள்.

16 பிப்ரவரி 2025

ஜனவரி 22-ஆம் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது. சென்டாரஸ் எக்ஸ்-3-க்கு வட்டு இருக்கிறது, வட்டு எப்போதும் ஒரே பக்கமாக முறுக்கும். அதனால் அங்கங்கே தடுமாறினாலும் மொத்தத்தில் பல பத்தாண்டுகளாக நியூட்ரான் நட்சத்திரம் தன்னைத்தானே சுழலும் வேகம் கூடியே வருகிறது. வேலா எக்ஸ்-1 1970-களில் 283 விநாடிக்கு ஒரு தரம் தன்னைத்தானே சுழன்றது, இன்றைக்கும் 283-ஐ ஒட்டியே. சும்மா இருந்துவிடவும் இல்லை. சில மாதம் வேகம் கூடும், சில மாதம் குறையும், எந்த ஒழுங்கும் கிடையாது. காற்றில் பிடிபடும் வாயு இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் வந்தால் ஒரு திசையில் முறுக்கும், அந்தப் பக்கம் வந்தால் எதிர்த் திசையில். பல வருடத்தைக் கூட்டினால் ஒன்றுமில்லை. எனக்கு வேலையே மெஷின் ஷாப்பில் சுழல்கிற உருப்படிகளை அளப்பது, ஒரு ஸ்பிண்டில் இப்படி அலைந்தால் எங்கோ பேரிங் போய்விட்டது என்போம்; இங்கே அந்த அலைச்சல்தான் காற்றிலிருந்து நேராகப் பிடிக்கிறது என்பதற்குச் சாட்சி.

காற்றும் சீரானதில்லை, கட்டி கட்டியாக வருகிறது. கட்டி ஒன்று பிடிபட்டால் எக்ஸ் கதிர் பல மடங்கு எகிறும். எதிர்மாறாக, வேலா எக்ஸ்-1 திடீரென்று சில துடிப்புகளுக்கு ஏறக்குறைய அணைந்து, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி திரும்ப எரிவதை இன்டெக்ரல் செயற்கைக்கோள் பார்த்திருக்கிறது. வரும் வாயு குறைந்தால் காந்தப்புலத்தின் எல்லை வெளியே விரியும். ரொம்ப விரிந்துவிட்டால், சுழலும் காந்தப்புலம் வாயுவை உள்ளே விடாமல் வெளியே வீசி எறியும் என்று 1975-லேயே இல்லரியோனோவும் சுன்யாயெவும் எழுதினார்கள். வேலாவின் அணைதலுக்கு அதுதான் காரணமா, காந்தப்புலத்தின் வாசலில் வாயு ஆறாமல் தேங்கி நிற்பதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மெதுவாகச் சுழல்வதால் இரண்டாவதுதான் என் மனசுக்குச் சரியாகப் படுகிறது.

18 பிப்ரவரி 2025

“வெளிச்சத்தின் தள்ளுதலே விழும் வாயுவை நிறுத்திவிடாதா?” நிறுத்தும். எடிங்டன் எல்லை. 1.4 சூரிய எடைக்கு அது ஐம்பதாயிரம் சூரியனுக்குக் கொஞ்சம் கீழே, வேலா அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் எம்82 விண்மீன் மண்டலத்தில் கருந்துளை என்று எல்லோரும் நினைத்திருந்த ஒன்று 1.37 விநாடிக்கு ஒரு தரம் துடிப்பதை 2014-ல் நுஸ்டார் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் கண்டது. துடித்தால் அது கருந்துளை இல்லை. எடிங்டன் எல்லையைப் போல நூறு மடங்கு வரை எரிகிறது. துருவத் திட்டில் வாயு கம்பமாக நின்று, வெளிச்சம் மேலே தள்ளாமல் பக்கவாட்டில் கசிந்து போனால் எல்லை தளரும். அதுவும் முழுப் பதில் இல்லை.

27 பிப்ரவரி 2025

நேற்று சிவராத்திரி. ஊரே விழித்திருக்கும் இரவு, நிலா இல்லை, எச்.டி. 77581-ஐப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. மறுபடியும் அதே மரவள்ளிக் காடு. (அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வானம் இன்னும் கருப்பு, ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடம், இரவில் அங்கே போய் நிற்காதீர்கள்.)

தென்கிழக்கில் தர்மபுரி டவுன் வெளிச்சம். ஒன்பது மணிக்குப் பார்த்தால் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும், அது நேர் தெற்குக்கு வரும் வரை பொறுக்க வேண்டும். பத்தரை தாண்டியதும் அகத்தியர் நட்சத்திரம் தென்மேற்கில் இறங்கியிருந்தது. அதற்குக் கிழக்கே, தரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுகைல் என்கிற லாம்டா வேலோரம், கொஞ்சம் ஆரஞ்சு. அதைப் பைனாகுலரின் கீழ் ஓரத்தில் வைத்துக்கொண்டு மூன்று டிகிரி வடக்கே, ஒரு டிகிரி மேற்கே. பிரகாசத்தில் ஏழாம் தரத்தை ஒட்டிய, வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. பக்கத்தில் அதே அளவில் இன்னும் புள்ளிகள் இருப்பதால் படத்தை வைத்துத்தான் உறுதி செய்தேன். மச்சானுக்கும் காட்டினேன், “இதுக்காடா இந்நேரம் வரைக்கும்?” என்றார். ஆறாயிரத்து ஐந்நூறு ஒளியாண்டு அளவில் தூரம், அங்கிருந்து இங்கே வரைக்கும் தெரிகிறது என்றதும் திரும்ப ஒரு தரம் வாங்கிப் பார்த்தார்.

2 மார்ச் 2025

12 ஜனவரி குறிப்புக்கு ஒரு சேர்க்கை. “கிழிக்காது” என்றேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நியூட்ரான் நட்சத்திரத்தின் ஈர்ப்பு அங்கே ஒன்றுமே செய்வதில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எச்.டி. 77581 தன் ரோஷ் மடலைக் கிட்டத்தட்ட நிரப்பும் அளவில் இருக்கிறது. அதனால் அது முழு உருண்டையாக இல்லை, நியூட்ரான் நட்சத்திரத்தின் பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கிறது. ஒரு சுற்றில் இரண்டு தரம் அதன் வெளிச்சம் லேசாகக் கூடிக் குறைவதில் அது தெரிகிறது. அந்த நீண்ட பக்கத்தில் காற்றும் அடர்த்தியாக வரும். ஆக, காற்றுவழி, மதகுவழி என்று இரண்டு பெட்டி போட்டாலும் இயற்கையில் நடுவிலேயும் நிற்கின்றன.

அப்புறம், எடை அதிகமுள்ளதுதான் முதலில் வெடிக்க வேண்டும், இங்கே சிறியது வெடித்து முடித்துவிட்டதே என்று கேட்டவருக்கு: வெடித்ததுதான் முதலில் எடை அதிகமாக இருந்தது. வெடிக்கும் முன் தன் மேலுறையைத் துணைக்குக் கொடுத்துவிட்டது. மெலிந்த பிறகு வெடித்ததால் மொத்த எடையில் பாதிக்கு மேல் போகவில்லை, ஜோடி பிரியவில்லை. வெடித்த வேகத்தில் இரண்டும் சேர்ந்தே பிறந்த இடத்தை விட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடும் திசையில் வில் மாதிரி வளைந்த அதிர்ச்சி அலை நிற்பதை 1997-ல் சிலியின் லா சில்லாவிலிருந்து படமே எடுத்துக் காட்டினார்கள்.

9 மார்ச் 2025

அரூர் தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறார். நான் சொன்னபடி ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பாட் கருவி தினமும் அளந்த வேலா எக்ஸ்-1-ன் எக்ஸ் கதிர் எண்களை இணையத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு தேதியையும் 8.9644-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்து எக்செல்லில் மடித்திருக்கிறார். ஒன்றே முக்கால் நாள் அகலத்துக்குப் பள்ளம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. பெரிய நட்சத்திரத்தின் பின்னால் போய் மறைகிற கிரகணம் அது. காசு செலவில்லாமல் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தது, வாழ்த்துகள்.

அவர் அடுத்து கேட்டிருப்பது நல்ல கேள்வி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இருக்கும் மாக்ஸி கருவியின் குறைந்த ஆற்றல் எண்களை அதேபோல மடித்தால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வரவில்லை, கிரகணத்திலிருந்து எண்ணினால் சுற்றின் இரண்டாம் பாதியில் வெளிச்சம் மங்குகிறது, ஏன்? அதுதான் நியூட்ரான் நட்சத்திரம் காற்றில் விட்டுச் செல்லும் வால், தம்பி. 13 ஜனவரி குறிப்பில் பின்பக்கம் மோதும் வாயு என்றேனே, அதுவும், எக்ஸ் கதிர் பட்டு மந்தமாகித் தேங்கிய காற்றும் சேர்ந்து அதன் பின்னாலேயே அடர்த்தியாக நீள்கிறது. இரண்டாம் பாதியில் நியூட்ரான் நட்சத்திரம் நம்மை விட்டு விலகிப் போவதால் அந்த வால் நமக்கும் அதற்கும் நடுவில் வந்துவிடும். குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை அது விழுங்கிவிடும், பாட் பார்க்கும் வலுவான கதிர் ஊடுருவி வந்துவிடும். அதனால்தான் ஒரு படத்தில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை.

அடுத்து ஜிஎக்ஸ் 301-2 என்ற இன்னொரு ஜோடியை எடுங்கள், 41.5 நாளில் மடியுங்கள். அதன் துணை வ்ரே 977 இன்னும் பெரிய ராட்சதன், பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம். கிட்டே வரும் நாளில்தான் உச்சம் வரும் என்று நினைப்போம், ஆனால் உச்சம் ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடும். காற்று மட்டும் என்றால் அப்படி வரக் கூடாது. பெரிய நட்சத்திரத்திலிருந்து நீளும் அடர்த்தியான வாயு ஓடை ஒன்றை நியூட்ரான் நட்சத்திரம் அந்த இடத்தில் குறுக்கே கடக்கிறது என்று வைத்துத்தான் பலரும் இதை விளக்குகிறார்கள். மடித்துவிட்டுப் படத்தை இங்கேயே போடுங்கள், உச்சம் எத்தனை நாள் அகலம் என்று சேர்ந்து அளந்து பார்க்கலாம்.